பழைய ரோட்ஸ்டரில் வானொலியும் ஏரியலும் மாற்றுதல்

1989-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வந்து, 1997 வரையில் ஏறக்குறைய அதே உருவத்தில் தயாராகி, அமெரிக்காவில் மியாட்டா என்றும், ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்றும், பிற நாடுகளில் எம்.எக்ஸ்.-5 என்றும் வழங்கப்பட்ட மாஸ்டாவின் இரட்டை ஆசன வண்டி, முப்பது வயதை ஒட்டியும் தாண்டியும் நிற்கும் இன்றைக்கும், என்ஜினைப் பொறுத்தவரை இளமை குன்றாமலே ஓடிக்கொண்டிருக்கிறது. முதுமை வேறு அங்கங்களில் தலைகாட்டுகிறது. வானொலியின் கேசட் வாய் நாடாவைத் தின்கிறது. பின்புறத்து மட்கார்டிலிருந்து நிமிர்ந்து எழ வேண்டிய மின்சார ஏரியல் பாதி உயரம் வந்து, கரகரவென்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றுவிடுகிறது. இந்த இரண்டு குறைகளையும் வேறு வேறு வேலைகளாக எண்ணி, வானொலியை ஒரு மாதமும் ஏரியலை மறு மாதமும் மாற்றப் புகுகிறவர்கள், ஒரே வயரை இரண்டு முறை தேடி, ஒரே பலகையை இரண்டு முறை கழற்றி, இரண்டாம் முறையில் அதன் கொக்கியை உடைத்துக்கொள்கிறார்கள். வானொலிதான் ஏரியலுக்கு உத்தரவிடுகிறது; ஆகையால் இரண்டையும் ஒரே வேலையாகச் செய்ய வேண்டும், அதிலும் வானொலியை முதலில் செய்ய வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் கட்சி.

இவ்வகை வண்டிகள் எல்லாவற்றிலும் மின்சார ஏரியல் இல்லை. பலவற்றில் திருகி வைத்த சாதாரணக் கம்பிதான் இருக்கிறது. அவற்றை உடையவர்கள் பிற்பகுதியைப் படிக்கும் சிரமத்தை மிச்சப்படுத்திக்கொள்ளலாம்.

ஜப்பானிலிருந்து வந்த வண்டியானால்

யூனோஸ் ரோட்ஸ்டர் என்னும் பெயர் தாங்கி, ஜப்பானில் சில ஆண்டுகள் ஓடிய பிறகு பிரிட்டனுக்கும் நியூஸிலாந்துக்கும் கப்பலேறிய வண்டிகள் ஏராளம். அவற்றின் வானொலி பழுதாகாமலே பயனற்றதாக இருக்கும். ஏனென்றால் அந்தக் காலத்து ஜப்பானிய எப்.எம். ஒலிபரப்பு 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரையில் நடந்தது, மற்ற பெரும்பாலான தேசங்களிலோ அது 88-க்கு அருகில் தொடங்கி 108 வரையில் செல்கிறது. இந்த இடைவெளியைச் சமாளிக்க, இறக்குமதி செய்தவர்கள் ஏரியல் வயருக்கும் வானொலிக்கும் நடுவில் அலைமாற்றிப் பெட்டி ஒன்றைச் செருகியிருப்பார்கள். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிதான அந்தப் பெட்டி, டேஷ்போர்டின் உட்புறத்தில் டேப் சுற்றப்பட்டுத் தொங்கும். புதிய வானொலி வைக்கும்போது அதை மறவாமல் எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் விட்டவர்கள், புத்தம்புதிய கருவியிலும் நிலையங்கள் தப்பான எண்களில் வருகின்றனவே என்று வியந்து, கடைக்காரரோடு சச்சரவிடுவது உண்டு.

தத்துவம், ஒரே பாராவில்

எப்.எம். அலையின் நடுப்பகுதியான 100 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் 3 மீட்டர். அதில் கால் பங்கு 75 சென்டிமீட்டர். நிமிர்ந்து நிற்கும் ஏரியலின் உயரம் சுமாராக அந்த அளவில் அமைந்திருப்பதன் காரணம் இதுவே. பாதி எழுந்து நின்ற ஏரியலில் தூரத்து நிலையங்கள் இரைவதன் காரணமும் இதுவே. தண்டு ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் குழாய்களால் ஆனது. அதன் அடியில், ஒரு பக்கம் பல் வெட்டிய நைலான் கயிறு பிணைந்திருக்கிறது; மோட்டாரின் பற்சக்கரம் அந்தக் கயிற்றை மேலே தள்ளுகிறது, அல்லது கீழே இழுத்து ஓர் உருளைக்குள் சுருட்டிக்கொள்கிறது. இவ்வளவு தெரிந்தால் போதும்.

பொருள் வாங்குமுன் நோயைக் கண்டறிதல்

சாவியை முதல் நிலைக்குத் திருப்பி, நண்பர் ஒருவரை வானொலியைப் போட்டு நிறுத்தச் சொல்லிவிட்டு, நீங்கள் டிக்கியைத் திறந்து அதன் வலது பக்கத்தில் காதை வைத்துக் கேளுங்கள். மோட்டார் நன்றாகச் சுழலும் ஓசை கேட்டும் தண்டு அசையாவிட்டால், நைலான் கயிறு அறுந்திருக்கிறது அல்லது அதன் பற்கள் மழுங்கியிருக்கின்றன; கயிற்றோடு கூடிய தண்டை மட்டும் வாங்கினால் போதும், முழு ஏரியல் வாங்குவது வீண் செலவு. தண்டு நடுவில் சிக்கிக்கொண்டு டக்டக்கென்று ஓசை வந்தால், குழாய்களில் ஒன்று வளைந்திருக்கிறது. அதற்கும் தண்டுதான் மருந்து. மோட்டார் வாய் திறவாமல் இருந்தால் மட்டுமே பியூஸையும், வயரையும், கடைசியாக மோட்டாரையும் சந்தேகிக்க வேண்டும். பியூஸைப் பார்க்காமலே மோட்டார் வாங்கியவர்களின் எண்ணிக்கை சிறிதன்று.

கையோடு வைத்துக்கொள்ள வேண்டியவை

நட்சத்திர முனைத் திருப்புளிகள் சிறிதும் பெரிதுமாக இரண்டு, 10 மில்லிமீட்டர் ஸ்பானர், பிளாஸ்டிக்கினால் ஆன நெம்பு தகடு, அது கிடைக்காவிட்டால் டேப் சுற்றிய தட்டையான திருப்புளி, மல்டிமீட்டர், உங்கள் வண்டியின் வருஷத்துக்குரிய இணைப்பு வயர்க்கட்டு, வானொலியைப் பொருத்தும் சட்டம், பெயின்டைக் காக்க ஒட்டும் காகித டேப், திருகாணிகளைப் பிரித்து வைக்க முட்டை அட்டை ஒன்று. முட்டை அட்டையைக் கண்டு நகைக்க வேண்டாம். கழற்றிய வரிசையிலேயே குழிகளில் போட்டு வைத்தால், மாட்டும்போது நீளத் திருகாணி குட்டைத் திருகாணியின் இடத்தில் நுழைந்து பின்னாலிருக்கும் வயரைக் குத்தும் விபத்து நேராது.

வானொலியின் அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாதாரண ஒற்றை அளவுக் கருவிக்கு 182 மில்லிமீட்டர் அகலமும் 53 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட துவாரம் தேவை. இந்த வண்டியில் இருப்பதோ அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு உயரமான துவாரம். ஆகையால் ஒற்றைக் கருவி வாங்குகிறவர்கள் எஞ்சிய இடத்தை அடைக்க ஒரு சிறு பெட்டித் தட்டையும் சேர்த்து வாங்க வேண்டும். பெரிய கண்ணாடித் திரை கொண்ட கருவியை நான் சிபாரிசு செய்யமாட்டேன்: கூரையை மடக்கிவிட்டு வெயிலில் செல்லும் வண்டியில் அந்தத் திரை முகம் பார்க்கும் கண்ணாடியாகுமே தவிர வேறொன்றுக்கும் உதவாது.

முதலில் பாட்டரி

மற்ற வண்டிகளில் என்ஜினுக்கு அருகே இருக்கும் பாட்டரி, எடையைச் சமமாகப் பங்கிடும் நோக்கத்தோடு, இந்த வண்டியில் டிக்கியின் வலது மூலையில் வைக்கப்பட்டிருக்கிறது. ஏரியலின் மோட்டாரும் அந்த மூலைக்கு மேலேயே இருக்கிறது. நீங்கள் ஏரியலின் நட்டைத் திருகும் ஸ்பானர் கை தவறி விழுந்தால் அது விழக்கூடிய இடம் பாட்டரியின் தலை என்பதை இப்போதே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

1. சாவியை எடுத்துவிட்டு, 10 மில்லிமீட்டர் ஸ்பானரால் நெகடிவ் முனையை முதலில் கழற்றுங்கள். பாசிட்டிவை முதலில் தொட்டால், ஸ்பானரின் மறுமுனை வண்டியின் தகட்டில் பட்ட மாத்திரத்தில் பொறி பறக்கும்.
2. கழற்றிய முனையைத் துணியால் சுற்றி ஒதுக்கிக் கட்டுங்கள். தானாக நகர்ந்து ஒட்டிக்கொள்ளும் சுபாவம் அதற்கு உண்டு.
3. பாசிட்டிவ் முனையின் மேல் தடித்த ரப்பர் துண்டு ஒன்றைப் போட்டு மூடுங்கள்.
4. சில நிமிஷங்கள் காத்திருங்கள். ஸ்டீயரிங்கில் காற்றுப்பை உள்ள வண்டிகளில் அதன் சுற்றில் மிச்சமிருக்கும் மின்சாரம் அடங்க அவகாசம் தர வேண்டும். அந்தச் சுற்றுக்குரிய இணைப்புகள் எவற்றையும் மல்டிமீட்டரால் தொடவே கூடாது.

எச்சரிக்கை: மூடிய டிக்கிக்குள் இருப்பதால், இந்த வண்டிக்கு வாயுவை வெளியே கொண்டுபோகும் மெல்லிய குழாய்கள் பொருந்திய பாட்டரியே ஏற்றது. முந்தைய சொந்தக்காரர் மலிவுக்கு ஆசைப்பட்டுச் சாதாரணப் பாட்டரியை வைத்திருந்தால், அமில ஆவி ஏரியலின் வயர் முனைகளைப் பச்சை பூக்கச் செய்திருக்கும். ஹைட்ரஜன் வாயுவும் அங்கே தங்கியிருக்கலாம். டிக்கியைச் சற்று நேரம் திறந்து வைத்த பின்னரே வேலையைத் தொடங்குங்கள். பச்சை கண்டால், ஏரியலுக்கு முன் பாட்டரியை மாற்றுங்கள்.

பழைய வானொலியை வெளியே எடுத்தல்

முப்பது ஆண்டு வெயில் தின்ற பிளாஸ்டிக் குளிரில் அப்பளம்போல் நொறுங்கும். மிதமான வெயிலில் வண்டியை ஒரு மணி நேரம் நிறுத்திவைத்த பிறகு இந்த வேலையைச் செய்தால், கொக்கிகள் வளைந்து கொடுக்கும்.

1. சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கைப்பிரேக்கை மேலே இழுத்து, கியரைப் பின்பக்கம் சாயும் நிலை ஒன்றில் வையுங்கள்.
2. கியர்த் தண்டின் குமிழை இடஞ்சுழியாகத் திருகி எடுங்கள்.
3. ஆசனங்களுக்கு நடுவே உள்ள கன்சோலின் திருகாணிகளைக் கழற்றுங்கள். பக்கவாட்டில் உள்ளவை கண்ணுக்குத் தெரியும். சாம்பல் கிண்ணத்தின் அடியிலும், பின்புறத்துச் சிறு பெட்டிக்குள்ளும் இருப்பவைதாம் மறைந்திருந்து ஏமாற்றும். கன்சோல் எங்கேனும் ஓரிடத்தில் பிடித்துக்கொண்டு வர மறுத்தால், பலத்தைக் கூட்டாமல், விட்டுப்போன திருகாணியைத் தேடுங்கள்.
4. கண்ணாடி ஏற்றும் மின்சாரப் பொத்தான்கள் உள்ள வண்டியில், கன்சோலைச் சற்றே தூக்கி அடியிலுள்ள இணைப்பைக் கழற்றிய பின்னரே முழுவதும் எடுக்க வேண்டும்.
5. இப்போது நடுப்பலகையின் அடியோரத்துத் திருகாணிகள் தெரியும், அவற்றை எடுங்கள்.
6. பலகையின் மேற்பகுதியில் உருண்டைக் கண்கள்போல் இருக்கும் இரண்டு காற்றுவழிகளையும், காகித டேப் ஒட்டிய ஓரத்தில் நெம்பு தகட்டைக் கொடுத்து, சுற்றிலும் சிறிது சிறிதாக நெம்பி வெளியே எடுங்கள்.
7. அந்தத் துவாரங்களின் வழியே விரலை விட்டால் பலகையைப் பிடித்திருக்கும் கொக்கிகள் தட்டுப்படும். அவற்றை அழுத்தியபடி பலகையை உங்களை நோக்கி மெல்ல இழுங்கள். கொக்கி உடைவது இந்த இடத்தில்தான். முன்னால் நின்று இழுக்கும் கைக்கு மட்டும் வேலை கொடுத்து, உள்ளே அழுத்தும் விரலைச் சோம்ப விட்டால் டக்கென்று ஓர் ஓசை கேட்கும்; அதன் பிறகு அந்தப் பலகை வாழ்நாள் முழுவதும் கரடுமுரடான சாலையில் கிறீச்சிடும்.
8. பலகை ஒரு சாண் முன்னால் வந்ததும் நிறுத்தி, அதன் பின்னாலுள்ள அபாய விளக்குப் பொத்தானின் இணைப்பையும் மற்ற இணைப்புகளையும் கழற்றுங்கள்.
9. வானொலியின் இரு பக்கத்துத் திருகாணிகளையும் எடுத்து, கருவியை முன்னால் இழுத்து, வயர்க்கட்டையும் ஏரியல் முளையையும் பிடுங்குங்கள். ஏரியல் முளையை அதன் உலோகத் தலையைப் பிடித்து இழுக்க வேண்டும். வயரைப் பிடித்து இழுத்தால் உள்ளிருக்கும் மெல்லிய நரம்பு அறுந்து, வெளியே ஒன்றும் தெரியாமல் ஓசை மட்டும் போய்விடும்.

வயர்களின் நிறமும் நீல வயரின் கதையும்

வண்டியின் பழைய வயர்க்கட்டை வெட்டி நேரடியாக முறுக்கிச் சேர்ப்பதைப் போன்ற பாவம் இந்தத் தொழிலில் வேறில்லை. இணைப்பு வயர்க்கட்டு ஒன்றை வாங்கி, அதையும் புதிய வானொலியின் வயர்க்கட்டையும் மேஜையின் மேல் வைத்து, வெளிச்சத்தில், நாற்காலியில் உட்கார்ந்தபடி சால்டரிங் செய்து, சுருங்கும் குழாய் போர்த்தி முடித்துவிட்டால், வண்டிக்குள் குனிந்து செய்ய வேண்டியது செருகுவது மட்டுமே.

கடைகளில் கிடைக்கும் வானொலிகளில் பெரும்பாலும் பின்பற்றப்படும் நிற வழக்கம் இது: மஞ்சள், எப்போதும் மின்சாரம் உள்ளது, ஞாபகத்துக்கானது, சிவப்பு, சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வருவது, கறுப்பு, எர்த், ஆரஞ்சு, விளக்கு, வெள்ளை, முன் இடது ஸ்பீக்கர், சாம்பல், முன் வலது, பச்சை, பின் இடது, ஊதா, பின் வலது. அதே நிறத்தில் கறுப்புக் கோடு ஓடினால் அது அந்தந்த ஸ்பீக்கரின் நெகடிவ். வழக்கம் என்று சொன்னேனே தவிர, விதி என்று சொல்லவில்லை. வண்டியின் பக்கத்து வயர்களை மல்டிமீட்டரால் சோதித்த பிறகே நம்ப வேண்டும். அந்தச் சோதனைக்கு மட்டும் பாட்டரியைத் தற்காலிகமாகச் சேர்த்து, மஞ்சளுக்குரிய முனையில் சாவி இல்லாமலே சுமார் 12 வோல்ட் இருப்பதையும், சிவப்புக்குரிய முனையில் சாவியோடு வந்து சாவியோடு போவதையும் பார்த்துவிட்டு, நெகடிவை மறுபடி கழற்றிவிடுங்கள். மஞ்சளும் சிவப்பும் இடம் மாறினால் சாவியை எடுக்கும் ஒவ்வொரு முறையும் வானொலி நிலையங்களை மறந்துபோகும்.

ஸ்பீக்கரின் நெகடிவ் வயர்கள் நான்கையும் ஒன்றாக முடிந்து எர்த்தில் சேர்ப்பது மிகப் பழைய வண்டிகளின் வழக்கம். இன்றைய வானொலியில் அப்படிச் செய்தால் அதன் வெளியீட்டுப் பகுதி நிமிஷத்தில் எரிந்துவிடும். தலைசாய்ப்பானுக்குள் சிறு ஸ்பீக்கர்கள் பொருந்திய வண்டியானால், பின் ஸ்பீக்கர்களுக்குரிய கனத்த ஓசையைக் குறைத்து வையுங்கள். அந்தச் சிறு காகிதக் கூம்புகள் அதைத் தாங்கா.

இனி நீல வயருக்கு வருவோம். முழு நீலம் ஏரியலுக்கு உரியது. வெள்ளைக் கோடிட்ட நீலம், தனியாக வைக்கும் ஆம்பிளிபயரை எழுப்புவதற்கு உரியது. இரண்டிலும் 12 வோல்ட்தான் வருகிறது, இரண்டில் எதைச் சேர்த்தாலும் ஏரியல் எழும். வேற்றுமை என்னவென்றால், முழு நீலம் பெரும்பாலான கருவிகளில் வானொலி கேட்கும்போது மட்டுமே உயிர்பெறுகிறது. கோடிட்ட நீலமோ கருவி எதை ஒலித்தாலும் உயிரோடிருக்கிறது. நான் முதன்முறை இந்த வேலையைச் செய்தபோது, இரண்டும் நீலந்தானே என்ற அலட்சியத்தோடு கோடிட்டதைச் சேர்த்தேன். ஒரு மாதம் கழித்து, சேமித்து வைத்த பாட்டுகளைக் கேட்டுக்கொண்டே தானியங்கி வண்டி கழுவும் கூடம் ஒன்றுக்குள் நுழைந்தேன். வானொலி ஒலிக்கவில்லையாதலால் ஏரியல் உள்ளே அடங்கியிருக்கும் என்பது என் நம்பிக்கை. சுழலும் தூரிகை அதைப் பிடித்து, வில்லைப்போல் வளைத்து, மட்கார்டின் மேல் மூன்று முறை அடித்த பிறகே விட்டது. தண்டின் விலை பெரிதன்று; பெயின்டின் கூலி பெரிது.

குறிப்பு: நீல வயர் உத்தரவை மட்டுமே சுமக்கத்தக்கது, பொதுவாக அதன் சக்தி 300 மில்லி ஆம்பியர் அளவே. மோட்டாரை நேரே அதில் ஓட்டினால் வானொலி கெடும். ஏரியலுக்குள்ளேயே ரிலே இருந்தால் கவலையில்லை. இல்லையானால் ஒரு ரிலே வைத்து, அதன் 85-ஆம் முனையை எர்த்திலும், 86-ஐ நீல வயரிலும், 30-ஐப் பியூஸோடு கூடிய நிரந்தர மின்சாரத்திலும், 87-ஐ ஏரியலுக்குச் செல்லும் வயரிலும் சேர்க்க வேண்டும்.

எல்லாவற்றையும் செருகிய பின், பலகையை மூடாமல், பாட்டரியைச் சேர்த்து வானொலியைப் போட்டுப் பாருங்கள். கருவியின் அமைப்பில் நாடு என்ற பகுதியைச் சரிபார்ப்பதும் இப்போதே: அமெரிக்காவில் ஏ.எம். நிலையங்கள் 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியிலும், ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியிலும் அமைந்திருக்கின்றன. தப்பான நாட்டில் வைத்த கருவி பாதி நிலையங்களைத் தாண்டிப் போகும். நீல வயரில் 12 வோல்ட் வருவதை மல்டிமீட்டரில் கண்ணால் கண்ட பிறகுதான் ஏரியலிடம் செல்ல வேண்டும்.

ஏரியல் தண்டை மாற்றுதல்

இதுவரையில் சோதனைகளுக்குத் தவிர மற்ற நேரமெல்லாம் பாட்டரியைக் கழற்றி வைக்கச் சொன்ன நான், இந்த வேலைக்கு அதைச் சேர்த்தே வைக்கச் சொல்கிறேன். ஏனெனில் பழைய தண்டை வெளியே தள்ளுவதும் புதியதை உள்ளே இழுப்பதும் மோட்டாரின் பொறுப்பு. பாசிட்டிவ் முனையின் மேல் போட்ட ரப்பர் துண்டு அங்கேயே இருக்கட்டும். வானொலியருகே ஒருவர், ஏரியலருகே ஒருவர் என்று இருவர் வேண்டும்.

1. ஏரியலைச் சுற்றி மட்கார்டின் மேல் காகித டேப்பை இரண்டு மடிப்பாக ஒட்டுங்கள்.
2. மேலேயுள்ள நட்டைக் கழற்றுங்கள். அதன் தலையில் வெட்டுக்கள் இருந்தால் அதற்குரிய சாவியையே உபயோகிக்க வேண்டும். இடுக்கி, நட்டையும் கெடுக்கும், பெயின்டையும் கெடுக்கும்.
3. உள்ளே இருப்பவர் வானொலியைப் போடட்டும். தண்டு எழும்போது அதை இரு விரல்களால் பிடித்து, மோட்டாரின் வேகத்துக்கு இசைந்து நேர் மேலே வழிநடத்துங்கள். கடைசியில் நைலான் கயிறும் வெளியே வந்துவிடும்.
4. வெளிவந்த கயிறு எந்தத் திசையில் பற்களைக் காட்டிக்கொண்டு வந்தது என்பதை, கையிலிருந்து கீழே வைக்குமுன், டேப்பின் மேல் அம்புக்குறியாக வரைந்துகொள்ளுங்கள்.
5. பழைய கயிற்றையும் புதிய கயிற்றையும் பக்கத்தில் பக்கமாகத் தரையில் கிடத்தி நீளத்தை ஒப்பிடுங்கள். பழையது குறைவாக இருந்தால், அறுந்த துண்டு உள்ளே உருளைக்குள் இருக்கிறது. வானொலியை இரண்டு மூன்று முறை போட்டு நிறுத்தினால் சில சமயம் தானே வெளியே வரும். வராவிட்டால் ஏரியலைக் கழற்றி, உருளையின் மூடியைத் திறந்து எடுக்க வேண்டும். அதை விட்டுவிட்டுப் புதிய கயிற்றைச் செருகினால் அதுவும் ஒரு வாரத்தில் அறும்.
6. புதிய தண்டை முழு நீளத்துக்கும் இழுத்து வைத்துக்கொண்டு, கயிற்றின் பற்களை அம்புக்குறியின் திசையில் திருப்பி, உள்ளே தடைபடும் வரையில் இறக்குங்கள்.
7. இப்போது வானொலியை நிறுத்தச் சொல்லுங்கள். கயிற்றை மோட்டார் பற்றியிழுப்பது கையில் தெரியும். நெல் கதிரை யாரோ அடியிலிருந்து இழுப்பதுபோல் சிறு சிறு வெட்டாக வரும். உங்கள் கை தண்டை நேராகப் பிடித்திருக்க வேண்டுமேயன்றி அழுத்தக் கூடாது.
8. மோட்டார் பற்றாமல் சுழன்றால், பதறாமல், அது நின்ற பிறகு மீண்டும் போட்டு, கயிற்றைக் கால் சுற்று திருப்பி, மறுபடி நிறுத்தச் சொல்லுங்கள். முதல் முறையிலேயே பற்றாதது குறையன்று.
9. நட்டைக் கையால் திருகி, பின்னர் சாவியால் அரைச் சுற்று மட்டும் இறுக்குங்கள்.

குறிப்பு: தண்டுக்குக் கிரீஸ் தடவ வேண்டாம். கிரீஸ் தூசியை அழைத்து உள்ளே கொண்டுபோகும். மாதம் ஒருமுறை தண்டு முழுவதும் எழுந்திருக்கையில் ஈரத்துணியால் துடைத்து, சிலிக்கோன் தெளித்த துணியால் ஒரு முறை தடவினால் போதும். பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் ஊர்களில் இதை வாரம் ஒருமுறை செய்ய வேண்டும். தண்டின் மேல் பனிக்கட்டி உறைந்திருக்கும் காலையில் வானொலியைப் போடவே கூடாது.

முழு ஏரியலையும் மாற்ற நேர்ந்தால்

நெகடிவை மீண்டும் கழற்றுங்கள். ஸ்டெப்னியை எடுத்து வெளியே வைத்து, டிக்கியின் வலப்பக்கத்து விரிப்பை அதன் பிளாஸ்டிக் ஆணிகளை நெம்பி விலக்கினால் மோட்டார் தெரியும். இரண்டு இணைப்புகளையும் கழற்றி, மேல் நட்டை எடுத்து, அடித்தாங்கியின் போல்ட்டைத் தளர்த்தினால், ஏரியல் கீழ்ப்புறமாகக் கையில் வந்துவிடும். புதியதை வைக்கும்போது மேல் நட்டு, அடித்தாங்கி இரண்டையும் முதலில் கையால் மட்டும் திருகி, வண்டிக்குப் பின்னால் பத்தடி தள்ளி நின்று தண்டு நேராக நிற்கிறதா என்று பார்த்த பிறகு இறுக்க வேண்டும்.

மூன்று விஷயங்களைப் பெரும்பாலோர் மறக்கிறார்கள். அடித்தாங்கி வண்டியின் தகட்டைத் தொடும் இடத்தில் பெயின்டும் துருவும் சுரண்டப்பட்டுப் பளபளக்கும் உலோகம் தெரிய வேண்டும். எர்த் சரியில்லாத ஏரியல், என்ஜினின் வேகத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும் ஊளையைத் தரும். மட்கார்டின் துவாரத்து ரப்பர் வளையம் புதிதாக இருக்க வேண்டும். மோட்டாரின் அடியிலுள்ள ரப்பர்க் குழாயை டிக்கியின் தரைத் துவாரத்தின் வழியே வெளியே நீட்டிவிட வேண்டும். தண்டோடு உள்ளே இறங்கும் மழைநீர் போகும் வழி அது ஒன்றே, அதைச் செருக மறந்தால் அந்த நீர் போய்ச் சேரும் இடம் பாட்டரித் தட்டு.

பலகையை மூடுமுன்

வானொலியை ஐந்து முறை போட்டு நிறுத்தி, ஒவ்வொரு முறையும் தண்டு முழுவதும் எழுந்து முழுவதும் அடங்குவதைப் பாருங்கள். பிறகு வானொலி நிலையத்திலிருந்து சேமித்து வைத்த பாட்டுக்கு மாற்றி, தண்டு கீழே இறங்குவதைப் பாருங்கள். விளக்குகளைப் போட்டு, அபாய விளக்குப் பொத்தானையும் கண்ணாடிப் பொத்தான்களையும் சோதித்து, கழற்றிய வரிசைக்கு நேர்மாறாக எல்லாவற்றையும் மாட்டுங்கள். முட்டை அட்டையில் ஒரு திருகாணி மிஞ்சினால் வேலை முடியவில்லை என்று பொருள். பாட்டரியைக் கழற்றிச் சேர்த்தபின் சிறிது நேரம் என்ஜின் நிற்கையில் தடுமாறலாம். சில மைல் ஓடியதும் அது சமனப்படும். முதல் பெருமழைக்கு மறுநாள் டிக்கியின் வலது மூலை விரிப்பைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஈரம் இருந்தால் ரப்பர் வளையத்தை மறுபடி கவனிக்க வேண்டும்.

எடுத்த பழைய வானொலியை, அது பாடாவிட்டாலும், எறிந்துவிடாதீர்கள். அதன் திருகாணிகளைச் சிறு பையில் போட்டு அதோடு கட்டி, காகிதத்தில் சுற்றி, வீட்டில் உலர்ந்த இடத்தில் வையுங்கள். இந்த வண்டியை உங்களிடமிருந்து வாங்கப்போகிறவர் அதைத்தான் முதலில் கேட்பார்.